பயிற்சிப் பிரசவம்

பிரசவம் பார்த்துப் பழக எங்கள் மருத்துவக் கல்லூரியில் ஒரு தோல் வயிறு இருக்கிறது. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் மீந்த தோலில் தைத்தது. உள்ளே வைக்க, அதே தோலில் ஒரே ஒரு குழந்தைப் பொம்மை.

முந்தின வாரம் பிரசவ வார்டிலிருந்து பயந்து வெளியே ஓடிவந்த மதியழகன், அன்று பயிற்சி வகுப்பில் தானாகவே முன்னால் வந்தான். பொம்மையை உள்ளே வைத்தது நான்தான்.

"இழுக்காத மதி, தானா வரும். நீ தாங்கிப் புடிச்சா போதும்" என்றார் ஹெப்சிபா மேடம்.

தலை வந்தது. தோள் வந்தது. பொம்மை முழுதாக வந்ததும் கைதட்டினோம். அவன் மட்டும் அந்த வயிற்றின் மேல் கை வைத்தபடி நின்றான்.

"மேடம், உள்ள இன்னொண்ணு இருக்கு."

"இன்னா மதி, விளையாடுறியா?" என்று சிரித்தபடி மேடமும் தொட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "சரி, அதையும் எடு."

அவன் இழுக்கவில்லை; தானாக வந்ததைத் தாங்கிப் பிடித்தான். நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே ஓடிவந்தது. யாரோ போய் இனிப்புக்கு மக்கன் பேடா வாங்கிவந்தார்கள்.

சாயங்காலம் இரண்டையும் துடைத்து அலமாரியில் வைத்தேன். முதல் பொம்மையின் முதுகு நெடுக வெள்ளை நூல் தையல். இரண்டாவதில் எங்கேயும் தையல் இல்லை. தொப்புள் இருந்தது.