மெக்சிக்கோத் தோரணம்

"இது செத்த ஆக்கள நினைச்சுக் கட்டுற தோரணம், தங்கச்சி," என்றார் ஜெமீல்.

பூரணியின் கை தானாகத் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டது. மேசையில் கிடந்த அந்த ஊதாக் கடதாசியை மறுபடி பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. சுற்றிவரப் பூப்பூவாக வெட்டி, நடுவில் ஒரு மண்டையோட்டையும் வெட்டியிருந்தார்கள். அதன் நெற்றி நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. அவள் மனுசன் சோமசேகரத்தைச் சுட்டுப்போட்டார்களோ?

கிண்ணியாக்காரரான ஜெமீலை அவள் முன்பின் கண்டதில்லை. சோமசேகரத்தோடு ஒரே கப்பலில் வேலை செய்தவராம். "சோமசேகரத்தின்ர அம்மா இரிக்காவா?" என்று கேட்டு வந்தவர், பத்திரகாளி கோயிலுக்குப் போய்விட்டா என்றதும் திரும்பிப் போகப் பார்த்தார். "என்னட்டச் சொல்லுங்கோ," என்று இவள்தான் கதிரையை இழுத்துப் போட்டாள்.

புயலடித்த வருடத்தோடு சோமசேகரத்தின் கடிதம் நின்றுவிட்டது. ஆள் முடிந்தான் என்று ஊர் எப்போதோ தீர்த்துவிட்டது. ஊருக்கென்ன, நாலு நாள் கதை. மூத்தவர் சிவகுருநாதனோ, வருகிற ஆடி அமாவாசைக்குத் தம்பிக்குக் கடலில் எள்ளும் தண்ணீரும் இறைத்து, அன்றைக்கே இவளுடைய தாலியையும் கழற்றிவிடவேண்டும் என்கிறார். ஏலாது என்று பூரணி ஒற்றைக்காலில் நின்றாள். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் இன்றைக்கும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கிறவள் அவள். அவ்வளவு பிடிவாதமும் இந்தக் கடதாசியில் வந்து முடிந்துவிட்டதே.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

ஜெமீல் திகைத்துப்போனார். "ஏன் தங்கச்சி அழுறீங்க? அவர் நல்லாத்தானே இரிக்கார்."

"உசிரோடயோ?"

"ஓம். மெக்சிக்கோவில கப்பல விட்டு இறங்கி, அங்கேயே ஒரு சாப்பாட்டுக் கடை போட்டிரிக்கார்."

பூரணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுவாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மூத்தவர் வரட்டும், அந்த எள்ளுப் பொட்டலத்தை அவர் தலையிலேயே கொட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகோணும்," என்று குசினிக்கு ஓடினாள்.

"நான் வந்தது அவருக்குத் தெரியா," என்றார் ஜெமீல், குசினிப் பக்கமாகக் குரலை உயர்த்தி. "வீட்டுப் பக்கம் போகாத, அம்மாக்குப் பழசெல்லாம் ஞாபகம் வரும் எண்டு சொன்னவர். எனக்குத்தான் மனம் கேக்கல்ல. மகன் எவ்வளவு அன்பா நினைச்சுக் கட்டியிரிக்கார் எண்டு அவ ஒருக்காப் பாக்கட்டுமே எண்டுதான், கழட்டி வச்சதில ஒண்ட எடுத்திட்டு வந்த நான்."

தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்துவிட்டு, பூரணி கடதாசியை எடுத்து மெல்லத் தடவினாள். அவருடைய கை பட்டதல்லவா. இப்போது அந்த மண்டையோடுகூட அவ்வளவு பயங்கரமாகத் தெரியவில்லை.

"அப்ப, ஆரை நினைச்சு இதைக் கட்டினவர்?"

ஜெமீல் தேத்தண்ணியை ஊதினார்.

"நெத்தியில பொட்டு வெட்டியிரிக்கே, தங்கச்சி. புயல்ல செத்துப்போன அவர்ர பொஞ்சாதிய."