வயித்துலேர்ந்து வரணும்

"குரலே வரலியே தம்பி. வயித்துலேர்ந்து எடு" என்றார் பாஸ்கல் மாஸ்டர்.

செல்வநாதன் எடுத்தான். மூன்று மாதமாக எடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். மரக்காணத்து உப்பள ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்த வாரமே, மாதா கோயில் கொட்டகையில் மாஸ்டரிடம் பாட்டு கிளாஸுக்கும் சேர்ந்துவிட்டான். சன்னமான குரல். சுருதி தப்பாது. டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக் கேட்டு வளர்த்த குரல்.

"ம்ஹூம்" என்று தலையாட்டிவிட்டு மாஸ்டர் இடதுபக்கம் திரும்பினார். "ஆனந்தம்மா, நீ பாடு."

ஆனந்தம்மாள் உப்பு வாருகிறவள். அவள் வாயைத் திறந்ததும் கூரையிலிருந்த காக்கை எழுந்து போயிற்று.

"சபாஷ்! இதில்ல குரலு!"

மற்ற எட்டுப் பேரும் அதே மாதிரிதான் கத்தினார்கள். எல்லாருக்கும் சபாஷ். செல்வநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்பட நேரமில்லை. ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள். பூசை முடிவில் ஒருவர் தனியாகப் பாடவேண்டும். அன்றைக்குத்தான் அனுமந்தையிலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். பையன் பிரமாதமாகப் பாடுவான் என்று அவன் அம்மா சொல்லித் தொலைத்திருந்தாள். பெண் சூசைமேரிக்குப் பாட்டென்றால் உயிராம்.

"அந்தத் தனிப்பாட்டை எனக்குக் குடுங்க மாஸ்டர்" என்று அவர் முகத்துக்கு எதிரே போய் நின்று கேட்டான்.

"குடுக்கலாம். சத்தம் பத்தாதே."

"மைக்செட் வைக்கறாங்களே?"

"மைக்கு ஊருக்கு. எனக்குக் கேக்க வேணாமா?"

என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டான். பகலெல்லாம் பம்ப் கொட்டகையில் ஆயில் எஞ்சின் ஓட்டி, பாத்திக்கு உப்புத்தண்ணீர் இறைக்கிற மனிதர். எஞ்சின் சத்தத்தையே சங்கீதம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

மறுநாள், உப்புக் குவியல்களை மூட ஓலை வந்துவிட்டதா என்று பார்க்க உப்பளத்துக்குப் போனான். ஒரு குவியலுக்கு அந்தப்பக்கம் யாரோ பாடுவது கேட்டது. அதே திருநாள் பாட்டு. மெல்லிய, இழைத்து வைத்த மாதிரிக் குரல். செல்வநாதன் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தான்.

கணுக்கால் தண்ணீரில் உப்பு வாரும் பலகையைப் பிடித்து நின்றிருந்த ஆனந்தம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்களாக்கா பாடினது?"

"நானா? காத்துல எங்கேர்ந்தாவது வந்துருக்கும்."

"அக்கா!"

அவள் பம்ப் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். எஞ்சின் தடதடத்துக்கொண்டிருந்தது.

"யாராண்டயும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியமா."

"மாஸ்டருக்குக் காது போயி ரெண்டு வருசமாவுது தம்பி. இருவது வருசம் அந்த எஞ்சினாண்ட குந்திக்கினு இருந்தா இன்னாவும்? இடது காதுல மட்டும், அதுவும் கத்தினாத்தான், கேக்குது. சாமியாருக்குத் தெரிஞ்சா திண்டிவனத்துலேர்ந்து வேற ஆளை இட்டாந்துடுவாரு. ஆர்மோனியப் பெட்டியத் தொடாம மாஸ்டரு ஒரு நாளு இருப்பாரா?"

"அப்ப எல்லாரும்?"

"எல்லாருந்தான். உப்பளத்து ஆளுங்க, எதிர்காத்துல கத்திப் பழக்கம்னு ஊரு நெனச்சுக்குது. நீதான் மொணமொணன்னு பாடி அவரை நோவடிக்கிறே. ஒரு புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கத் துப்பில்லையேன்னு பொண்டாட்டியாண்ட சொல்லி அழுதாராம்."

அன்று சாயங்காலம் கிளாஸில் செல்வநாதன் கொஞ்சம் கத்தினான். தனிப்பாட்டு அவனுக்குக் கிடைத்தது.

திருநாளன்று பெல்பாட்டத்தைப் பெட்டி போட்டு மாட்டிக்கொண்டு போனான். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் நீலப் புடவையில் சூசைமேரி. பீடத்தில் சாமியார். செருப்புச் சத்தம் கேட்டாலே முறைக்கிறவர். மாஸ்டர் ஆர்மோனியப் பெட்டியில் விரலை வைத்து, இடது காதை அவன் பக்கம் சாய்த்துக் காத்திருந்தார்.

சன்னமாகப் பாடினால் பெண் மயங்கும். அந்தக் காது காத்துக்கொண்டே இருக்கும்.

செல்வநாதன் கண்ணை மூடிக்கொண்டு வயிற்றிலிருந்து எடுத்தான்.

ஒரு குழந்தை வீறிட்டது. மைக்செட்காரர் ஓடிவந்து எதையோ திருகினார். மாஸ்டரின் முகம் அப்படியே மலர்ந்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

கடைசி அடியில் செல்வநாதன் கண்ணைத் திறந்தான். சூசைமேரியின் தோள் குலுங்குவது தெரிந்தது. வெட்கத்தில் அவன் குரல் உள்ளே போய்விட்டது. மாஸ்டரின் விரல்கள் தடுமாறின. பின்னாலிருந்து ஆனந்தம்மாள் பாட்டைப் பிடித்துக்கொண்டு கத்தி முடித்தாள்.

வெளியே வந்தபோது பெண்ணின் அப்பா அவன் தோளில் தட்டினார்.

"அசத்திட்டீங்க மாப்ளே! நீங்க கடல்ல நின்னு கூப்ட்டா, கரையில எம்பொண்ணு சோத்தைப் போட்டு வெச்சிடும்."

சூசைமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்ளே என்ற சொல்லை அவன் இன்னொரு தரம் மனசுக்குள் கேட்டுப் பார்ப்பதற்குள், கோயில் வாசலிலிருந்து சாமியார் விரலை மடக்கிக் கூப்பிட்டார்.

செல்வநாதன் கையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றான்.

"மன்னிச்சுக்குங்க சாமி. உப்பளத்துக் காத்து... கத்திப் பேசியே பழகிடுச்சு."

சாமியார் சுற்றுமுற்றும் பார்த்தார். அவன் காதருகே குனிந்து சொன்னார்.

"கடைசியில எதுக்குடா சத்தத்தைக் கொறைச்சே? மாஸ்டர் தவிச்சுப் போயிட்டாரு. அடுத்த வாட்டி முழுசாக் கத்து."