அரைப்பேர்

"சம்பல்ல உப்பு சரியாடி?" என்று கேட்டுவிட்டுத்தான் அன்று காலை அம்மா தனலெட்சுமி கொழுந்துக் கூடையை மாட்டினாள். வாயில் ரொட்டியோடு நிரஞ்சலா தலையாட்டினாள்.

பத்து மணிக்கு மலையில் நெஞ்சு வலித்திருக்கிறது. வீட்டுக்குப் போகட்டுமா என்று கணக்கப்பிள்ளை அழகையாவிடம் கேட்டாளாம். போனால் அரைப்பேர்தான், பாதி நாள்தான் எழுதுவேன் என்றாராம் அவர். அவள் போகவில்லை. பதினொன்றரைக்குத் தேயிலைச் செடி மேலேயே சரிந்தாள்.

அது கொஸ்லந்தயில், பதினோரு வருஷத்துக்கு முன்னால். இன்று நிரஞ்சலா பதுளையில் ஒரு வாடகை அறையில் லெப்டொப் முன்னால் இருக்கிறாள். கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் எட்டுப் பேருக்கு அவள்தான் மேலாள். காலை எட்டரைக்கு அவள் திரையில் பேர் கூப்பிடுவதை அவர்கள் கேலியாகத் தோட்டத்துப் பெரட்டு என்பார்கள்.

பெரகலயிலிருந்து வேலை செய்யும் திலீபனை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். விண்ணப்பத்தில் தகப்பன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பார்த்தபின் மற்ற நாற்பதை அவள் திறக்கவே இல்லை.

ஆறு மாதமாக அவனை வறுத்தெடுத்தாள். தேநீர் குடிக்க எழுந்தாலும் கேள்வி, கரண்ட் போனாலும் கேள்வி. "எங்கப்பா கணக்கப்புள்ளையா இருந்தவரு மிஸ். உங்களுக்கு அவரே தேவலாம்" என்று ஒருநாள் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

இன்று பத்து மணிக்கு அவனே அழைத்தான். அப்பாவுக்கு நெஞ்சு வலியாம். பின்னால் கிழவர் முனகுவது அவளுக்கும் கேட்டது.

"இந்த மாசம் ரெண்டு அரைநாள் விழுந்துருச்சு மிஸ். இன்னொன்னு விழுந்தா வேலை போயிரும். முடிச்சுட்டே ஆஸ்பத்திரிக்குப் போகவா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். "முடிச்சுட்டுப் போங்க" என்றால் போதும். முனகல் மறுபடி கேட்டது. கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டினாள்.

"இப்பவே கூட்டிட்டுப் போங்க. முழுநாளே போடுறேன்."

அவன் நன்றி சொல்லத் தொடங்கினான். அவள் நிறுத்தினாள்.

"அவரு பொழைச்சு வரணும். வந்தப்பறம் சொல்லுங்க, முழுப்பேர் போட்டது தனலெட்சுமி மகள்னு. மலையில செத்த அன்னைக்கு எங்கம்மாவுக்கு அவரு எழுதுனது இன்னும் அரைப்பேராத்தான் இருக்கு."