நசுங்கிய அணில்

"பத்து நாளில் இது மூணாவது. என்னதான் பண்றீங்க வரதன்?"

டாக்டர் ரூத் போட்ட சத்தம் பொத்தேரி ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

வரதன் கையிலிருந்த துண்டை மேஜைமேல் மெல்ல விரித்தார். உள்ளே ஒரு அணில்.

கீழே வரதனின் டீக்கடை, மேலே ரூத்தின் பிராணிகள் கிளினிக். முதலில் ஒரு அணில், போன வாரம் ஒரு மைனா. இரண்டையும் பின்சந்தில் கிடந்ததாகத் தூக்கி வந்தவர் இவர்தான். இரண்டும் பிழைக்கவில்லை.

ரூத் அணிலை விரலால் தடவிப் பார்த்தாள். தோல் கிழியவில்லை. ஒரு சொட்டு ரத்தமில்லை. பின்னங்காலில் மட்டும் நேர்க்கோடு போட்ட மாதிரி ஒரு பள்ளம்.

"பூனை கடிச்சா இப்படி ஆகாது. வண்டி ஏறினாலும் ஆகாது. இது கம்பி அடிக்கிற எலிப்பொறி. வெளியில ஒண்ணும் தெரியாது, உள்ளே நசுங்கியிருக்கும். அந்த ரெண்டும் அப்படித்தான் செத்துது."

"மூச்சு வாங்கினு கீது டாக்டரம்மா. மொதல்ல அத்த பாருங்க."

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். பொறி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"எங்க?"

"கட்டு போட்டு முடிங்க. சொல்றேன்."

ரூத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடை நிறைய வடையும் பன்னும். எலிக்குப் பொறி வைக்காமலா இருப்பார்? வைப்பதையும் வைத்துவிட்டு, துண்டில் சுற்றி இங்கேயே கொண்டு வருகிறார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான்.

"ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போன் போடப் போறேன். பில்டிங் ஓனர்கிட்டயும் சொல்வேன். அப்புறம் நீங்க இங்க கடை நடத்தின மாதிரிதான்."

"போடுங்கம்மா. இது முடிஞ்சதும் போடுங்க."

வலிக்கு ஊசி போட்டாள். கிளினிக்கைப் பெருக்கித் துடைக்கும் சந்திரம்மா வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து அணைவாக வைத்தாள். தீக்குச்சி கனத்தில் ஒரு எலும்பு. அதை நேராக்கி, ஐஸ்குச்சியைச் சீவி வைத்துக் கட்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் போச்சு.

அரை மணி நேரம். ரூத்தின் கை ஒரு தடவைகூட ஆடவில்லை. கீழே யாரோ டீ கேட்டுக் கத்தினார்கள். வரதன் துண்டைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார்.

அணில் கண்ணைத் திறந்து பார்த்தது. இது பிழைத்துவிடும்.

ரூத் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தாள்.

"இப்ப சொல்லுங்க. பொறி யாரோடது?"

"உங்களுதும்மா. மொட்டமாடில உங்க ஏசி மிஷினாண்ட கீது. அந்த ரெண்டும் அங்கேர்ந்துதான் துள்ளி சந்துல வுழுந்துருக்கும். கத்தற சத்தம் கேட்டு இன்னிக்குத்தான் ஏறிப் பார்த்தேன். பொறிய மூடி வெச்சுட்டேன்."

ரூத் சந்திரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாம்மா அப்படிப் பார்க்கறீங்க? எலி ஏசி ஒயரைக் கடிக்குதுன்னு நீங்கதான பொறி வெக்கச் சொன்னீங்க. கருவாடு வெச்சேன். கிளினிக் வரைக்கும் நாறுது, தேங்கா சில்லு வையின்னீங்க. தேங்கான்னா அணிலு வுடுமா?"

ரூத் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். போனை மேஜைமேல் வைக்கப் போனாள். அது நழுவிக் கீழே விழுந்தது. விரலெல்லாம் வெடவெடவென்று ஆடியது.

"அவ்வளவு பேசினேனே. உள்ளே வந்ததுமே சொல்லியிருக்கலாம் இல்ல?"

வரதன் குனிந்து போனை எடுத்துக் கொடுத்தார்.

"சொல்லியிருந்தா, இந்தக் கை அப்பவே நடுங்கியிருக்கும்மா. அப்பால அதுக்குக் கட்டு யாரு போடறது?"