மூத்திரத் துணியோடு ஒரு சாறன்

ஜெமீலா கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, முழங்கை வரைக்கும் கழுவினாள். பிறகு வாப்பா இடுப்பில் கட்டும் சாறனை இரண்டு விரலால் தூக்கி, பிள்ளையின் மூத்திரத் துணி கிடந்த ஓலைப் பெட்டிக்குள் போட்டாள்.

கிணற்றடியில் குந்திப் பீடி குடித்துக்கொண்டிருந்த வாப்பா நூஹு அதைப் பார்த்தார். தான் பார்க்கட்டும் என்றுதான் போடுகிறாள் என்று நினைத்தார். அவளுடைய உடுப்பும் புருசன் முனாபின் உடுப்பும் ஒரு பெட்டியில். பெத்த வாப்பாவின் சாறன் மூத்திரத் துணியோடு.

நோன்பு முடிந்த நாள் முதல் இந்தக் கூத்துத்தான். சலவைக்கு உடுப்புக் கேட்டு வண்ணான் பாக்கியராசா வந்தால், உடுப்பில்லை என்று படலையிலேயே திருப்பி அனுப்புகிறாள். வீட்டிலேயே இரண்டாகப் பிரிக்கிறாள். மருமகனின் பங்குக்குக் கிடாரம் வைத்து, சோடா போட்டு, விறகை அள்ளி எரித்து அவிக்கிறாள். வாப்பாவின் பங்குக்கு வெறும் கிணற்றுத் தண்ணீர்.

இத்தனைக்கும் அது நூஹு கட்டிய வீடு. ஊர் வழக்கப்படி கலியாணத்தோடு மகள் பேருக்கு எழுதிக் கொடுத்தார். பெஞ்சாதி மௌத்தான பிறகு, தான் கட்டிய வீட்டின் பின்விறாந்தையில் ஒரு பாயோடு கிடக்கிறார். முன்னறை மருமகனுக்கு.

ஒரு பயம் அவர் நெஞ்சுக்குள் கிடந்தது. இருமல். பீடி இருமல்தான், வாலிபத்திலேயே பிடித்தது. ஆனால் பக்கத்து வளவு மக்கீனும் அப்படித்தான் இருமினான். சயரோகம் என்று தெரிந்ததும் பெஞ்சாதி வீட்டார் முதலில் அவன் உடுப்பைப் பிரித்தார்கள். பிறகு கோப்பையைப் பிரித்தார்கள். பிறகு பாயோடு ஆளையே தெருவில் கொண்டுபோய் வைத்தார்கள். "சரியான வேலை. சயக்காரனுக்குப் பாவம் பார்த்தா வீடே போயிரும்" என்று சந்தியில் நின்று சொன்னவர் நூஹுதான்.

ஜெமீலா தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு புருசனிடம் போனாள். வளவின் மூலையில், வெள்ளத்துக்குப் பிறகு புதிதாகக் கூரை மேய்ந்த நெசவுக் கொட்டிலில் முனாபின் தறி அடித்துக்கொண்டிருந்தது.

நூஹு எழும்பினார். இரண்டு பெட்டியையும் தூக்கி ஒரே கிடாரத்துக்குள் கவிழ்த்தார். வாய் வரைக்கும் முட்டி நின்றதைத் தடியால் குத்தி அமுக்கினார். தண்ணீர் வழிந்து அடுப்பு சீறியது.

"என்ன வாப்பா செய்யிறீங்க?" திரும்பி வந்த ஜெமீலா அப்படியே நின்றாள்.

"அவிக்கிறன். ஒரு வீட்டு ஆக்கள்தானே. ஒரு கிடாரத்தில வேகட்டும்."

அவள் ஓடி வந்து தடியைப் பிடுங்கினாள். பிள்ளையின் சட்டைகளைத் தேடித் தேடிக் கிளறினாள். "இவ்வளவத்தையும் திணிச்சா வேகாது வாப்பா. மேலதான் கொதிக்கும். நடுவில கிடக்கிறது பச்சையாக் கிடக்கும்."

"வேகாட்டி என்ன, திங்கவா போறாய்? விறகு என்ன, உன்ட மாப்பிள்ளை வெட்டிப் போட்டதா? நீ போடுற புகையிலதான் பேத்தியும் இருமுறாள்."

இரண்டு வயதுப் பேத்தி உம்மு முருங்கையடியில் மண் அளைந்துகொண்டிருந்தாள். சொன்னது போலவே இருமினாள்.

ஜெமீலா பிள்ளையின் சட்டையை மட்டும் தடியால் தூக்கி வெளியே போட்டாள். அதுதான் அவருக்குச் சூடேற்றியது.

"கதையன் புள்ள. எனக்குச் சயமெண்டுதானே உடுப்பப் பிரிக்கிறாய்? மக்கீனுக்குச் செஞ்ச வேலைய எனக்குச் செய்யப் பாக்கிறீங்க. உன்ட மாப்பிள்ளை படிப்பிச்ச பாடம் இது."

"மெல்லக் கதைங்க வாப்பா. வேலிக்கு அங்கால கேக்கும்."

"கேக்கட்டும். சந்தியில போயும் சொல்லுவன். எழுதித் தந்த வீட்டில எனக்கு மூத்திரத் துணியோட பங்கு வெச்சிரிக்கிறாய் எண்டு சொல்லுவன்."

"உங்களுக்கு இந்த வாய் இருக்கிறதாலதான் வாப்பா…" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

"என்ட வாய்க்கு என்ன? உன்ட மாப்பிள்ளைட வாயப் பாரு. ஊருக்கு நல்லவன், களவா வெத்திலை போடுறான். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியா?" கிடாரத்தின் விளிம்பில் தொங்கிய மருமகனின் கைக்குட்டை லேஞ்சியை இழுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். மண்ணிறத்தில் கறை திட்டுத்திட்டாய்ப் படிந்திருந்தது. "பெரிய மரியாதைதான் இந்த லேஞ்சிக்கு, என்ன? தனிப் பெட்டி, தனிக் கொதிதண்ணி. இதாலதான் நான் நோன்பு முடிஞ்ச நாள் துடக்கம் பேத்திட மூக்கையும் வாயையும் துடைக்கிறன். நீ கழுவ முந்தி, உன்ட பெட்டியில இருந்து எடுத்துத்தான். தங்கத்தில நெய்ததா இது, தேஞ்சு போறதுக்கு?"

ஜெமீலாவின் கையிலிருந்து தடி விழுந்தது. அவள் லேஞ்சியைப் பார்த்தாள். பிறகு முருங்கையடியைப் பார்த்தாள்.

கொட்டிலில் தறிச் சத்தம் நின்றது. உள்ளே ஒருவன் இருமினான். துணியை வாயில் அடைத்துக்கொண்டு, வெளியே கேட்காமல் இருக்கப் பாடுபட்டு இருமினான்.

நூஹுவின் கை இன்னும் நீட்டினபடியே நின்றது.

"அது வெத்திலைக் கறை இல்ல, வாப்பா."