மேடையில் விழுந்த அறை

"ரேஷன் கதையெல்லாம் போதும். மேடையில நடந்ததுக்கு வா," என்றார் பெய்லின்.

அவருடைய அக்கா சியூஜென் காதில் வாங்கவில்லை. தர்பூசணி விதையைக் கடித்துக்கொண்டே, அரிசி வரிசையில் செருப்பு தொலைந்த கதையைத் தொடர்ந்தாள். நூலகத்துப் பெண் நிங், ரெக்கார்டரை நீட்டிப் பிடித்திருந்தாள். சந்தில் இருக்கும் பெரியவர்களின் சீனக் கலாசாரப் புரட்சி கால நினைவுகளை அவள் பதிவு செய்கிறாள்.

பெய்லினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சன்னலைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். அதே சந்தில் குடியிருந்தும் அக்காவின் இந்த வாசலை அவர் மிதித்ததில்லை. அக்கா தேடி வந்து தட்டியபோதெல்லாம் கதவைத் திறந்ததும் இல்லை. இன்று வந்ததே, அவள் செய்ததை அவள் வாயாலேயே சொல்ல வைக்கத்தான். இப்போது விட்டால் அப்பா பட்ட அவமானம் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அவள் செருப்புக் கதையை விடாததால் அவரே ஆரம்பித்தார். பள்ளி மைதானத்தில் மேடை. வாத்தியாரான அப்பாவின் கழுத்தில் 'மக்கள் விரோதி' என்று எழுதிய பலகை, தலையில் காகிதக் குல்லாய். பள்ளிச் சிறுமி சியூஜென் மேடையேறி, "இவர் என் அப்பா இல்லை" என்று கத்திவிட்டு ஓங்கி விட்ட அறையில் கூட்டமே வாயடைத்துப் போனது. கீழே ஆறு வயது பெய்லின் புரண்டு புரண்டு அழுதான். அடுத்த குளிர்காலத்தில் அப்பா, தன்னை அனுப்பிவைத்த உழைப்பு முகாமிலேயே போய்ச் சேர்ந்தார்.

"பெத்தவரை அடிச்சு கட்சிக்காரங்ககிட்ட நல்ல பேரு வாங்கிக்கிட்டா. படிப்பும் கிடைச்சுது, வேலையும் கிடைச்சுது. எழுதிக்கோம்மா," என்றார் நிங்கிடம்.

நிங் தயங்கித் தயங்கி, அது நிஜமா என்று கேட்டாள்.

"அடிச்சேன்," என்றாள் சியூஜென்.

விதைத் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். தம்பிக்கு எதிரே வந்து நின்றாள். பளாரென்று ஒரு அறை. நிங் ரெக்கார்டரைத் தவறவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

பெய்லின் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். கொஞ்சம்கூட வலிக்கவில்லை.

"கையைக் குழிச்சு அடிச்சா சத்தம் மட்டுந்தான் வரும். முந்தின நாள் சமையக்கட்டுல நாமாவது தப்பிக்கணும்னு தன் கன்னத்தைக் காட்டிக் காட்டி அப்பாதான் பழக்கினாரு," என்றாள் சியூஜென். "உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னாரு. சின்னவன் நிஜமா அழுதாத்தான் ஊரு நம்பும்னாரு."