பக்கத்து சீட்டு சார்

எண்ணெய் வயலுக்குப் புதிதாக வந்த டிரைவரை நாலு கம்பெனிகள் "அனுபவம் இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டன, பாவம். ஐந்தாவதும் கைவிட்டால் மறுபடி மச்சான் வீட்டுச் சாப்பாடுதான்.

"அந்த டேங்கர்ல ஏறி உட்காருங்க. சார் வருவார், ஓட்டிக் காட்டுங்க" என்றார் கேட் காவலர்.

ஏறினார். கண்ணாடி போட்ட ஒருவர் ஃபைலும் கையுமாகப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"கிளம்பலாமா சார்?"

"உங்க இஷ்டம் சார்."

என்ன மரியாதை! மனசு குளிர்ந்துபோய், சேற்றுப் பாதையில் கடைசி எண்ணெய்க் கிணறு வரை போய், பூப்போலத் திரும்பி வந்து நிறுத்தினார்.

"வேலை கிடைக்குமா சார்?"

கண்ணாடிக்காரர் விழித்தார். "அதை நீங்கதானே சார் சொல்லணும்? நானும் வேலை கேட்டுத்தான் வந்தேன். நீங்கதான் அந்த சார், முதல்ல எனக்கு ஓட்டிக் காட்டுறீங்கன்னு நினைச்சேன்!"

வண்டியைக் காணாமல் யார்டு முழுக்கத் தேடிய உண்மையான 'சார்', மேனேஜர், மூச்சிரைக்க வந்து சக்கரங்களைப் பார்த்தார்.

"கடைசிக் கிணத்துச் சேறாச்சே! என் பழைய ஆளுங்களே அங்க மாட்டிக்குவாங்க. ஓட்டினது யாரு?"

"இவர்தான் சார்" என்று காட்டிக்கொடுத்தார் கண்ணாடிக்காரர்.

"நீங்க நாளைக்கே வந்துடுங்க" என்ற மேனேஜர், கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். "பக்கத்துல உட்கார்ந்து பிரேக்கைப் போடு, கியரை மாத்துன்னு ஏதாவது சொன்னீங்களா?"

"ஒரு வார்த்தைகூடச் சொல்லல சார்."

"நீங்களும் வாங்க. இப்படி ஒரு துணை டிரைவரைத்தான் மூணு வருஷமாத் தேடிட்டிருக்கேன்!"